நீளம்தான் குறைவு, அகலம் ஒன்றுதான்

சென்ற இதழில் அமெரிக்கச் சரக்கு ரயில் பற்றி நான்கு வரி எழுதியபோது ‘ஷார்ட் லைன்’ என்ற சொல்லை விளக்காமல் விட்டுவிட்டேன். அதற்கே இத்தனை கடிதங்கள். அதனால் இந்த முறை கேள்வி பதில் முழுக்க அந்தக் குட்டி ரயில்கள்தான். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நியூயார்க் மாநிலம் ரோச்செஸ்டருக்குத் தெற்கே மகன் வீட்டில் இருக்கிறேன். அவ்வப்போது ஒரு ஆரஞ்சு நிற இன்ஜின் கொஞ்சம் வேகன்களை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போகிறது. இது யாருடைய ரயில்? இவ்வளவு சின்ன வண்டியை ஓட்டி என்ன லாபம்?

பதில்: ஆரஞ்சு என்கிறீர்கள், ரோச்செஸ்டருக்குத் தெற்கே என்கிறீர்கள், அப்படியானால் அநேகமாக அது ரோச்செஸ்டர் அண்ட் சதர்ன். அதன் தாய்க் கம்பெனி ஜெனசி அண்ட் வயோமிங். ஷார்ட் லைன் பற்றிப் பேச இதைவிட நல்ல இடம் கிடைக்காது, ஏனென்றால் அந்தக் கம்பெனி பிறந்ததே உங்கள் மகன் வீட்டுப் பக்கத்தில்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ரயில் கம்பெனிகளை அவற்றின் ஆண்டு வருமானத்தை வைத்து மூன்று வகுப்பாகப் பிரிக்கிறார்கள். முதல் வகுப்புக்கான வரம்பை 2021-ல் 90 கோடி டாலராக உயர்த்தினார்கள். அந்த வகுப்பில் இருப்பவை ஆறே கம்பெனிகள்: யூனியன் பசிபிக், பிஎன்எஸ்எஃப், சிஎஸ்எக்ஸ், நார்ஃபோக் சதர்ன், கனடாவிலிருந்து வரும் சிஎன், அப்புறம் 2023-ல் இணைந்து உருவான சிபிகேசி. மீதி சுமார் 600 கம்பெனிகளும் சிறுசுகள், இவற்றைத்தான் ஷார்ட் லைன் என்கிறார்கள். ஆனால் நாட்டின் தண்டவாளத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம், ஏறக்குறைய 50,000 மைல், இந்தச் சிறுசுகளின் கையில்தான் இருக்கிறது. ஓடுகிற வேகன்களில் ஐந்தில் ஒன்றாவது எங்கோ ஒரு முனையில் ஒரு ஷார்ட் லைனைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.

ஜெனசி அண்ட் வயோமிங் 1899-ல் தொடங்கியபோது அதற்கு இருந்தது 14 மைல் பாதையும் ஒரே ஒரு வாடிக்கையாளரும். ரெட்சாஃப் என்ற ஊரில் இருந்த உப்புச் சுரங்கம்தான் அந்த வாடிக்கையாளர். (ஊர்ப் பெயர் விசித்திரமாக இருக்கிறதா? சுரங்கத்தோடு சம்பந்தப்பட்ட ஒருவருடைய குடும்பப் பெயர் ஃபாஸ்டர். அதன் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தால் ரெட்சாஃப்.) பனிக்காலத்தில் சாலையில் தூவுகிற உப்பு அங்கிருந்து வந்தது. எட்வர்ட் ஃபுல்லர் என்பவர் அந்த ரயிலை வாங்கினார். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அது உப்பு இழுத்துக்கொண்டே பிழைத்தது. 1977-ல் அவருடைய கொள்ளுப்பேரன் பொறுப்புக்கு வந்தார். ஒரே சுரங்கத்தை நம்பி எத்தனை நாள் இருப்பது என்று எண்பதுகளில் அக்கம்பக்கத்துப் பாதைகளை ஒவ்வொன்றாக வாங்க ஆரம்பித்தார். 1986-ல் வாங்கியதுதான் உங்கள் ரோச்செஸ்டர் அண்ட் சதர்ன்.

1994 மார்ச்சில் ரெட்சாஃப் சுரங்கத்தின் கூரையில் ஒரு பகுதி இடிந்து நிலத்தடி நீர் உள்ளே பாய்ந்தது. எவ்வளவோ முயன்றும் நிறுத்த முடியவில்லை. அடுத்த ஆண்டே சுரங்கம் மூழ்கி மூடப்பட்டது. வட அமெரிக்காவின் மிகப் பெரிய உப்புச் சுரங்கம் அது! அந்த 14 மைலோடு நின்றிருந்தால் ரயிலும் அன்றைக்கே போயிருக்கும். நிற்கவில்லை, அதனால் பிழைத்தது. சில வருடங்களில் பக்கத்திலேயே வேறொரு கம்பெனி புதிய உப்புச் சுரங்கம் திறந்தபோது அந்த உப்பும் இவர்களிடமே வந்தது. 2019-ல் புரூக்ஃபீல்ட் என்ற கனடா முதலீட்டுக் கம்பெனியும் சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமும் சேர்ந்து இந்தக் கம்பெனியை, கடனையும் சேர்த்து, சுமார் 840 கோடி டாலருக்கு வாங்கின. அப்போது அதன் கையில் நூற்றுக்கு மேற்பட்ட குட்டி ரயில்கள் இருந்தன.

எல்லா ஷார்ட் லைனும் இப்படி வளரவில்லை. நிறைய பேர் இன்றும் அந்த ‘ஒரே சுரங்கம்’ நிலையில்தான் இருக்கிறார்கள். அது ஒரு மாவு ஆலையாக இருக்கலாம், ஒரு காகித ஆலையாக இருக்கலாம். ஆலை மூடினால் ரயிலும் மூடும்.

கேள்வி: பெரிய கம்பெனி நஷ்டம் என்று கைவிட்ட பாதையில் சின்னக் கம்பெனி எப்படி லாபம் பார்க்கிறது? ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா?

பதில்: சூட்சுமம் இருக்கிறது, அதில் பாதி அவ்வளவு அழகானதல்ல.

1916-ல் அமெரிக்காவில் இரண்டரை லட்சம் மைலுக்கு மேல் ரயில் பாதை இருந்தது. தேவைக்கு மிக அதிகம். பின்னால் லாரிகளும் நெடுஞ்சாலைகளும் வந்தன, சரக்கு நழுவியது. ஆனால் கட்டணத்தை மாற்றவோ பாதையை மூடவோ வாஷிங்டனில் இருந்த ஆணையத்தின் அனுமதி வேண்டும், அது வருடக்கணக்கில் இழுக்கும். 1970-ல் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் கம்பெனி திவாலானது. அதன் சிதிலங்களையும் இன்னும் சில கம்பெனிகளையும் சேர்த்து அரசாங்கமே 1976-ல் கான்ரெயில் என்று ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 7,000 மைல் வைத்திருந்த ராக் ஐலண்ட் கம்பெனி 1980 மார்ச் 31-ஆம் தேதியோடு ஓட்டத்தையே நிறுத்தியது. அதே வருடம் அக்டோபரில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டதுதான் ஸ்டாகர்ஸ் சட்டம். அதற்குப் பிறகு கம்பெனிகள் வாடிக்கையாளரோடு நேரடியாக விலை பேசலாம், வேண்டாத கிளைப் பாதையை எளிதாக விற்கலாம். இன்று நீங்கள் பார்க்கும் ஷார்ட் லைன்களில் பெரும்பாலானவை அந்தச் சட்டத்துக்குப் பிறகு பிறந்தவை.

இப்போது உங்கள் கேள்வி. பெரிய கம்பெனிக்கு ஒரு கிளைப் பாதை என்பது தூரத்து அலுவலகத்தின் கணக்கில் ஒரு வரி. ரயிலில் நான்கு ஐந்து பேர், அவரவர் எதைச் செய்யலாம் எதைச் செய்யக்கூடாது என்ற வேலைப் பிரிவினை, ஒரு நாள் சம்பளத்துக்கு இத்தனை மைல் என்ற பழைய விதி, எல்லாம் அதன் தலையில். பாதையை வாங்கியவருக்கு அந்தப் பழைய ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒட்டவில்லை. இரண்டு பேரோடு வண்டி போனது. காலையில் இன்ஜின் ஓட்டியவரே மதியம் ஸ்லீப்பர் கட்டை மாற்றினார். இதைத்தான் அழகல்ல என்றேன். திறமை என்று பாராட்டப்பட்ட சேமிப்பில் ஒரு பங்கு, தொழிலாளி சம்பளத்திலிருந்து வந்தது.

மறு பாதி நிஜமான திறமை. வாரம் இரண்டு வேகன் தருகிற மர வியாபாரி பெரிய கம்பெனிக்குத் தொல்லை. ஷார்ட் லைன்காரருக்கு அவர் முதலாளி. ‘சனிக்கிழமை காலை ஒரு வேகன் எடுத்துவிட முடியுமா’ என்று போன் வந்தால் போய் எடுப்பார். ஒரு வேகன் சரக்கு மூன்று நான்கு லாரிக்குச் சமம். அந்த வேகனைச் சாலைக்கு விட்டுவிடாமல் பிடித்து வைப்பதுதான் இவர்களுடைய முழு வியாபாரமும். செத்துப்போன அந்த ராக் ஐலண்டின் பிரதான பாதையில், கவுன்சில் பிளஃப்ஸுக்கும் சிகாகோவுக்கும் நடுவே, 1984-லிருந்து ஐயோவா இன்டர்ஸ்டேட் ஓடிக்கொண்டிருக்கிறது. சோளமும் எத்தனாலும்தான் அதற்குப் பெரும் பிழைப்பு. பெரிய முதலாளியைச் சாப்பிட்ட அதே பாதை.

கேள்வி: அவர்களுடைய ஒரு நாள் எப்படி இருக்கும்? ரயில் பைத்தியம் பிடித்த எனக்கு விவரமாக, எதையும் விடாமல் சொல்லுங்கள்.

பதில்: எதையும் விடாமல் சொன்னால் ஆசிரியர் என்னை விட்டுவிடுவார். முடிந்தவரை சொல்கிறேன்.

ராத்திரி பெரிய கம்பெனியின் வண்டி ஒன்று ஜங்ஷனுக்கு வந்து, அங்கிருக்கும் இணைப்புத் தடத்தில் இவர்களுக்கான வேகன்களைக் கழற்றிவிட்டுப் போயிருக்கும். ‘இன்டர்சேஞ்ச்’ என்பார்கள். அந்த நிமிடத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. எந்தக் கம்பெனியின் தண்டவாளத்தில் வேகன் நிற்கிறதோ அந்தக் கம்பெனிதான் வேகன் சொந்தக்காரருக்கு மணிக்கணக்கில் வாடகை கட்ட வேண்டும். ஆகவே காலியானதை எவ்வளவு சீக்கிரம் திருப்பித் தருகிறார்களோ அவ்வளவு மிச்சம்.

காலையில் டிரைவரும் கண்டக்டரும் வருகிறார்கள். கண்டக்டர் என்றதும் பயணச்சீட்டு கிழிப்பவர் என்று நினைக்காதீர்கள், வண்டிக்கே பொறுப்பாளர் அவர்தான். கையில் பட்டியல்: எந்த வேகன், யாருக்கு, எந்த சைடிங் (வாடிக்கையாளர் வாசலுக்குப் பிரிந்து போகும் முட்டுத் தடம்). இனி வேலையெல்லாம் வரிசை போடுவதில்தான். சைடிங்கின் வாய் ரயில் வரும் திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தால் கொண்டாட்டம். பாயிண்டை, அதாவது தடம் பிரியும் இடத்தை, தாண்டிப் போய் நின்று, பின்னால் தள்ளினால் வேகன் உள்ளே போய்விடும். வாய் நம்மைப் பார்த்து இருந்தால் வம்பு. முன்னால் இருக்கிற இன்ஜின் வேகனை இழுத்துக்கொண்டு நேரே உள்ளே போனால் அதுவே முட்டுச்சந்தில் மாட்டிக்கொள்ளும். அதனால் பக்கத்தில் எங்காவது இரட்டைத் தடம் இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினைக் கழற்றி, மறு தடம் வழியாகச் சுற்றிப் பின்பக்கம் வந்து மாட்டி, அங்கிருந்து தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு வேகனுக்காக இந்தக் கூத்தில் முக்கால் மணி நேரம் போகும். அனுபவமுள்ள கண்டக்டர் முதல் நாளே யோசித்து, போகும்போது போட முடியாததை வரும்போது போடுவார்.

ஒவ்வொரு முறையும் பாயிண்டைத் திருப்பி, பூட்டி, காற்றுக் குழாய் மாட்டி, பிரேக்கைச் சோதித்து, விட்டுப் போகும் வேகனில் கைபிரேக் சக்கரத்தைச் சுற்றி இறுக்கி... இதில் எதையும் நின்ற இடத்தில் செய்ய முடியாது, நடக்க வேண்டும். ஜல்லியில், பனியில், மழையில். சிக்னல் கம்பங்கள் பெரும்பாலான பாதைகளில் கிடையாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து ரேடியோவில் ‘இந்த மைல் கல்லிலிருந்து அந்த மைல் கல் வரை பாதை உன்னுடையது’ என்று சொல்வார்கள். எழுதிக்கொண்டு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்ன பிறகுதான் வண்டி நகரும். பன்னிரண்டு மணி நேரம் முடிந்தால் சட்டப்படி வேலையை நிறுத்தியே ஆக வேண்டும், நடுக்காட்டில் நின்றாலும் சரி. அப்புறம் ஒருவர் கார் எடுத்துக்கொண்டு போய் இவர்களை அழைத்து வருவார்.

இன்ஜினையும் சொல்ல வேண்டும். 1950-களில் செய்த ஜிபி9 வகையை இன்றும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பென்சில்வேனியாவில் ஸ்க்ரான்டன் பக்கம் டெலாவேர் லாக்கவானா என்ற கம்பெனி, செய்த தொழிற்சாலையே இல்லாமல் போன ஆல்கோ இன்ஜின்களைப் பிடிவாதமாக வைத்து ஓட்டுகிறது. புகையைக் கக்கும். ரசிகர்கள் கேமராவோடு காத்துக் கிடப்பார்கள்.

கேள்வி: ஏன் மாட்டு வண்டி மாதிரி மணிக்குப் பத்து மைலில் போகிறார்கள்?

பதில்: சட்டம் போகச் சொல்லும் வேகம் அது. தண்டவாளத்தின் தரத்தைப் பொறுத்து வேகம் நிர்ணயிக்கிறார்கள். முதல் தரப் பாதை என்றால் நம் காதுக்கு உயர்வாகக் கேட்கிறது, ஆனால் இங்கே அது கிட்டத்தட்ட கடைசி: சரக்குக்குப் பத்து மைல். இரண்டாவது தரம் இருபத்தைந்து, மூன்றாவது நாற்பது. முதல் தரத்துக்கும் கீழே ‘விலக்கப்பட்ட பாதை’ என்று ஒன்று உண்டு. அதிலும் பத்து மைல்தான், ஆனால் பயணிகளை ஏற்றக்கூடாது, அபாயச் சரக்கு வேகன் ஒரு வண்டியில் ஐந்துக்கு மேல் கூடாது.

பாதையைச் சரிசெய்யலாமே என்பீர்கள். ஒரு மைலுக்கு 3,000-க்கு மேல் ஸ்லீப்பர் கட்டை. பணம் எங்கே? இதில் இன்னொரு சிக்கல், வேகன் கனத்துக்கொண்டே போனது. ஒரு காலத்தில் சரக்கோடு சேர்த்து 263,000 பவுண்டு வழக்கம், தொண்ணூறுகளின் நடுவிலிருந்து 286,000 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 130 டன். பெரிய கம்பெனிகளுக்கு அது லாபம். ஆனால் அதே வேகன் கடைசிப் பத்து மைலுக்கு வந்து சேர்வது நூறு வருடத்துக்கு முன்னால் போட்ட மெல்லிய தண்டவாளத்துக்கும் மரப் பாலத்துக்கும். பாலம் தாங்காது என்றால் வேகனில் சரக்கைக் குறைத்து ஏற்ற வேண்டும். பாதி நிரப்பிய வேகனுக்கு எந்த வியாபாரி சந்தோஷமாகப் பணம் கொடுப்பார்? இதற்காகத்தான் 2005-லிருந்து ஒரு வரிச் சலுகை வந்தது. பராமரிப்புக்குச் செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட், மைலுக்கு 3,500 டாலர் உச்சவரம்பு என்று தொடங்கினார்கள். வருடா வருடம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்ற பதற்றத்திலேயே ஓடி, 2020 டிசம்பரில்தான் அது நிரந்தரமானது.

கேள்வி: வேகன்களில் எழுதியிருக்கும் எழுத்துகளில் சிலது ‘எக்ஸ்’ என்று முடிகிறதே?

பதில்: எக்ஸில் முடிந்தால் அந்த வேகனுக்குச் சொந்தக்காரர் ரயில் கம்பெனி அல்ல, குத்தகைக் கம்பெனியோ சரக்குக்காரரோ. எண்ணெய் டேங்கர்களில் அதிகம் பார்க்கலாம். இதில் ஒரு வேடிக்கை: 1970-களில் மூடு வேகன்களுக்குத் தட்டுப்பாடு வந்தபோது வாடகையை ஊக்கத் தொகையோடு ஏற்றினார்கள். உடனே முதலீட்டாளர்கள் ஆயிரக்கணக்கில் புது வேகன் செய்து, யாருக்கும் தெரியாத ஷார்ட் லைன்களின் பெயரை எழுதி நாடெங்கும் அனுப்பினார்கள். எல்லா வேகனும் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தால் நிறுத்தக்கூட இடம் இல்லாத கம்பெனிகள் அவை. எண்பதுகளின் தொடக்கத்தில் தொழில் மந்தம் வந்தது, நிஜமாகவே வீட்டுக்கு வந்தன.

கேள்வி: லாக் மெகாண்டிக் ஊரில் விபத்துக்குள்ளான எண்ணெய் ரயிலை ஓட்டியதும் ஒரு ஷார்ட் லைன்தானே? அதைச் சொல்லாமல் புகழ்ந்தால் எப்படி?

பதில்: நியாயமான கேள்வி. மான்ட்ரியல், மெய்ன் அண்ட் அட்லாண்டிக் என்ற கம்பெனி அது. 2013 ஜூலை 5 இரவு, கனடாவின் கியூபெக்கில் நான்ட் என்ற இடத்தில், சரிவில், 72 டேங்கர் கச்சா எண்ணெயோடு வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் ஓய்வெடுக்கப் போனார். வண்டியில் அவர் ஒருவர்தான். கைபிரேக் போட்டது ஏழு. வண்டி நிற்கிறதா என்று சோதித்தார், ஆனால் இன்ஜினின் காற்று பிரேக்கை எடுக்காமலே சோதித்ததால் கைபிரேக் மட்டும் தாங்குமா என்பது தெரியாமலே போனது. அரைகுறையாகப் பழுது பார்க்கப்பட்டிருந்த முன் இன்ஜினில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்து அணைத்து, இன்ஜினையும் நிறுத்தினார்கள். இன்ஜின் நின்றால் காற்று அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கியது. நள்ளிரவுக்குப் பின் வண்டி தானாக நகர்ந்து, மணிக்கு 65 மைல் வேகத்தில் ஊருக்குள் கவிழ்ந்தது. 47 பேர் இறந்தார்கள். ஊரின் நடுப்பகுதியே எரிந்துபோனது.

வழக்கில் நிறுத்தப்பட்ட மூன்று ஊழியர்களையும் 2018-ல் நடுவர் குழு குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. கனடாவின் விசாரணை வாரியமும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை, பதினெட்டுக் காரணங்களைச் சொன்னது. என் கருத்தைக் கேட்டால், முன்னால் சொன்ன அந்தச் சேமிப்புக்கு எல்லை எங்கே என்று யாரும் கேட்காததுதான் விஷயம். இரண்டு பேரை ஒருவராக்கியபோது, இரண்டாவது ஆள் என்னவெல்லாம் செய்துகொண்டிருந்தார் என்று கணக்குப் பார்த்திருக்க வேண்டும். கைபிரேக் சுற்றுவது அதில் ஒன்று. அமெரிக்காவில் வண்டிக்கு இரண்டு பேர் என்ற விதி 2024-ல்தான் வந்தது, அதுவும் சிறு கம்பெனிகளுக்குச் சில விலக்குகளோடு.

கேள்வி: தனியாரால் முடியவில்லை என்றால் அரசாங்கம் ஏன் வாங்கக்கூடாது?

பதில்: வாங்கியிருக்கிறதே. வெர்மான்ட் மாநிலத்தில் 1961 வேலைநிறுத்தத்தோடு ரட்லண்ட் ரயில் நின்றுபோனது. மாநில அரசு பாதையை விலைக்கு வாங்கி, ஓட்டுவதை மட்டும் தனியாரிடம் கொடுத்தது. 1964-ல் தொடங்கிய வெர்மான்ட் ரயில்வே இன்றும் ஓடுகிறது. தண்டவாளம் பொதுச்சொத்து, வண்டி தனியார். எனக்கென்னவோ இதுதான் ஷார்ட் லைனுக்குச் சரியான ஏற்பாடு என்று தோன்றுகிறது, பாலம் கட்டும் செலவை உப்பு வண்டியின் வருமானத்தில் எடுக்க முடியாது.

கேள்வி: குழந்தைகளோடு போய்ப் பார்க்கக்கூடிய ஷார்ட் லைன் ஒன்று சொல்லுங்கள். தலைப்பில் நீங்கள் போட்டிருக்கும் வாசகம் யாருடையது என்றும் சொல்லுங்கள்.

பதில்: வாசகம் யாருடையது என்று ஒருவரைக் காட்ட முடியாது, பல குட்டி ரயில் முதலாளிகள் சொன்னதாக இந்தக் கதையைச் சொல்வார்கள். முன்பெல்லாம் ரயில் கம்பெனித் தலைவர்கள் ஒருவருக்கொருவர் இலவசப் பாஸ் கொடுத்துக்கொள்வது வழக்கம். குட்டி ரயில்காரர் ஒருவர் பெரிய கம்பெனிக்கு எழுதினாராம், அவர்கள் ‘உங்கள் ரயில் எத்தனை மைல்?’ என்று ஏளனமாகக் கேட்டார்களாம். ‘உங்களுடையது அளவு நீளமில்லை ஐயா, ஆனால் அகலம் ஒன்றுதான்’ என்று பதில் போனது. நாலடி எட்டரை அங்குலம், எல்லாருக்கும்.

பார்க்க வேண்டியது பென்சில்வேனியாவின் ஸ்ட்ராஸ்பர்க். 1832-ல் வாங்கிய அதே உரிமப் பத்திரத்தின் கீழ் இன்றும் ஓடுகிறது. மொத்தம் நாலரை மைல். ஐம்பதுகளில் மூடவிருந்ததை 1958-ல் ரயில் பிரியர்கள் சிலர் சேர்ந்து வாங்கிக் காப்பாற்றினார்கள். சுற்றிலும் ஆமிஷ் மக்களின் வயல்கள், நடுவே நீராவி இன்ஜின். 2022 நவம்பரில் அங்கே பாயிண்ட் ஒன்று தவறான பக்கம் திரும்பியிருக்க, 475-ஆம் எண் இன்ஜின் நின்றுகொண்டிருந்த மண்வெட்டும் இயந்திரத்தில் மோதி முகத்தில் ஓட்டை போட்டுக்கொண்டது. யாருக்கும் அடியில்லை, சீக்கிரமே ஒட்டுப் போட்டுத் திரும்பவும் ஓட்டிவிட்டார்கள். சுற்றுலா ரயில் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், சரக்கும் எடுக்கிறார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் நீராவி இன்ஜினே சரக்கு வேகனை இழுத்துப் போவதைப் பார்க்கலாம்.